முள்காட்டுக்குப் பம்ப் ரைஃபிளா, போல்ட்டா? அதற்கு முன் எந்தத் தோட்டா?

போன வருஷம் அக்கா மகனுக்குத் துப்பாக்கித் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. வேட்டைக்கென்று ஒரே ஒரு ரைஃபிள் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தான். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு கடையில் இரண்டு பழைய துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டு, நேராக டொங்காட்டில் என் வீட்டுக்கு வந்து நின்றான். ஒன்று ரெமிங்டன் 7600, .30-06 தோட்டாவுக்கானது. பம்ப், அதாவது குழலுக்குக் கீழே உள்ள முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது. இன்னொன்று புளூம்ஃபொன்டெய்னில் செய்த பழைய மஸ்கிரேவ், .308 தோட்டாவுக்கானது. போல்ட், அதாவது பக்கத்தில் உள்ள கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ளி ஏற்றுவது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "ரெண்டுல எது மாமா?" என்றான்.

அன்று சாயங்காலம் முழுக்க அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மவர்களில் புதிதாக வேட்டைக்கு வருகிற இளைஞர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இந்தக் கேள்விதான். பெரும்பாலும் தலைகீழாகக் கேட்கிறார்கள். துப்பாக்கியை முதலில் பிடித்துவிட்டு, அதற்கு என்ன தோட்டா என்று பிறகு பார்க்கிறார்கள். எந்தக் காடு, எந்த மிருகம், அதற்கு எந்தக் குண்டு (தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோய்ப் படுவது), அந்தக் குண்டைச் சுட எந்தத் துப்பாக்கி என்று வரவேண்டும்.

இடமும் மிருகமும்

அவன் போகப்போவது ஜூலுலாந்து. மக்கூஸே, ஹ்லுஹ்லுவே, பொங்கோலா பக்கத்துப் பண்ணைகள். அந்தக் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முள்மரமும் புதரும் பின்னிக் கிடக்கும். ஜூன், ஜூலையில் இலை கொஞ்சம் உதிர்ந்தாலும், நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு மிருகத்தை முழுசாகப் பார்ப்பது அபூர்வம். அங்கே நான் சுட்டவற்றில் பெரும்பாலானவை 40 முதல் 90 மீட்டருக்குள்தான். காது ஒரு இடத்தில், கொம்பு நுனி ஒரு இடத்தில், நடுவில் தோள்பட்டை கொஞ்சம் என்றுதான் கண்ணுக்குப் படும். அது அடுத்த அடி எடுத்து வைத்தால் மறைந்துவிடும்.

இதே நாட்டில் கரூவுக்குப் போனால் கதையே வேறு. வெட்டவெளி. ஸ்பிரிங்பாக் மான் 200, 250 மீட்டரில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். தரையில் படுத்து, நிதானமாக மூச்சை அடக்கிச் சுட வேண்டும். அந்த வேலைக்கு நான் யாருக்கும் பம்ப் ரைஃபிள் சொல்ல மாட்டேன். நல்ல விசையும் (ட்ரிக்கர்) தளர்வில்லாத குழலும் உள்ள ஒரு போல்ட் ரைஃபிள், .243 அல்லது .270. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜூலுலாந்தில் அவன் சுடப்போகும் மிருகங்களைப் பாருங்கள். இம்பாலா மான் கிடா சுமார் 60 கிலோ. நியாலா மான் கிடா நூறு கிலோவைத் தாண்டும். வார்ட்ஹாக், புஷ்பிக் என்ற காட்டுப்பன்றிகள் இரண்டும் 60 முதல் 80 கிலோ. அப்புறம் குடு என்ற பெரிய மான், 230 கிலோவுக்கு மேல் போகும், ஆனால் உடம்பு அவ்வளவு முரடு இல்லை. கடைசியாக மாடு போன்ற உருவமுள்ள நீல வில்டர்பீஸ்ட் மான், 250 கிலோ. அதற்கு எடையைவிட உயிர்ப்பிடிப்பு அதிகம். தப்பான இடத்தில் பட்டால் மூன்று கிலோமீட்டர் ஓடும். ஒரே ரைஃபிள்தான் என்றால் அந்த வில்டர்பீஸ்ட்டை மனதில் வைத்துத்தான் தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காட்டெருமையை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. அதற்கு .375-க்குக் கீழே யோசிக்கவே கூடாது, அந்த அளவில் பம்ப் ரைஃபிளும் இல்லை.

பம்ப் என்பது என்ன

பலர் பம்ப் என்றாலே ஷாட்கன் என்று நினைக்கிறார்கள். ரைஃபிளிலும் உண்டு, நூறு வருஷத்துக்கு மேலாக உண்டு. ரெமிங்டன் 1912-ல் மாடல் 14 கொண்டுவந்தது. குழலுக்குக் கீழே ஒரு நீளக் குழாய், அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்தோட்டாவின் அடிப்பாகத்தில் இருக்கும் வெடிமூடியைப் பின்தோட்டாவின் கூர்முனை இடித்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் குழாயையே முறுக்கிச் செய்திருந்தார்கள். 1952-ல் மாடல் 760 வந்தபோது அந்தத் தலைவலி போயிற்று. நான்கு தோட்டா பிடிக்கும், கழற்றி மாட்டும் பெட்டி மேகஸின், குழலின் பின்வாயைச் சுழன்று பூட்டும் போல்ட் (இது பம்பிலும் உள்ள ஒரு பாகத்தின் பெயர்). 1981 வரை பத்து லட்சம் போல விற்றது. அதன் பிறகு வந்ததுதான் 7600. பழைய 760-ல் போல்ட் தலையில் சின்னச் சின்னதாகப் பதினான்கு பூட்டுப் பற்கள் இருந்தன. 7600-ல் அதைப் பெரிய நான்கு பற்களாக மாற்றினார்கள். பிரௌனிங் நிறுவனமும் 1997-ல் பிபிஆர் என்று ஒன்று செய்தது. நல்ல துப்பாக்கி, ஆனால் நான்கைந்து வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். இங்கே கண்ணில் படுவது அரிது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில்தான் இந்தத் துப்பாக்கிக்கு அதிக மவுசு. காரணம் எளிது. அங்கே பெரிய மிருகங்களைச் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளால் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) சுடச் சட்டம் அனுமதிக்கவில்லை. அடர்ந்த காட்டில் அடுத்த குண்டு சீக்கிரம் வேண்டும் என்பவர்கள் பம்புக்குப் போனார்கள்.

நம் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். நம்முடைய 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கான 15-ஆம் பிரிவு உரிமத்தில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கிடையாது. பம்பும் போல்ட்டும் கையால் இயக்குபவை, இரண்டுக்கும் அனுமதி உண்டு. சட்டம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. ஆகவே உரிமத்தை வைத்து இதா அதா என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. இன்னொரு விஷயம்: இந்த உரிமத்தில் ஒரு துப்பாக்கிக்கு ஒரு நேரத்தில் 200 தோட்டாதான் கையில் வைத்திருக்கலாம். ஏழெட்டு வகைக் குண்டை வாங்கிச் சோதித்துப் பார்க்கிற ஆசைக்கு அங்கேயே கடிவாளம். இரண்டு வகைக்கு மேல் வாங்காதீர்கள்.

கையும் கண்ணும்

அவன் இடது கைக்காரன். இதை அவன் பெரிதாக நினைக்கவில்லை, நான் நினைத்தேன். மஸ்கிரேவின் போல்ட் கைப்பிடி வலது பக்கம். இடது தோளில் வைத்துச் சுட்டுவிட்டு, இடது கையை விசையிலிருந்து எடுத்து, துப்பாக்கிக்கு மேலே நீட்டி, கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கி, மறுபடி பிடிக்கு வர வேண்டும். இதற்குள் கன்னம் கட்டையிலிருந்து விலகிவிடும். ஸ்கோப்பிலிருந்து மிருகம் போய்விடும். இடது கைக்கென்றே செய்த போல்ட் ரைஃபிள்கள் உண்டு. பழைய துப்பாக்கிச் சந்தையில் அது வரும்வரை காத்திருந்தால் இரண்டு பருவம் போய்விடும்.

பம்பில் அந்தத் தொல்லை இல்லை. துப்பாக்கியைத் தாங்கும் கையே முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுகிறது. விசையில் இருக்கும் கை அசைய வேண்டாம். கண் ஸ்கோப்பை விட்டு நகர வேண்டாம். வெற்றுக்கூடு வலது பக்கம்தான் தெறிக்கும், இடது தோள்காரருக்கு அது முகத்துக்கு முன்னால் போவதுபோல் தோன்றும். ஆனால் மேலே படாது, இரண்டு நாளில் பழகிவிடும்.

வலது கைக்காரருக்கும் இந்த வேகம் உண்டு. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நன்றாகப் பழகிய கைக்கு போல்ட்டும் மந்தமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பழைய .303 லீ-என்ஃபீல்டை வைத்துக்கொண்டு, நான் இரண்டாவது குண்டுக்கு யோசிப்பதற்குள் இரண்டாவதைச் சுட்டுவிடுவார். வலது கைக்காரன் ஒருவன் என்னிடம் கேட்டிருந்தால் மஸ்கிரேவைத்தான் சொல்லியிருப்பேன். அவன் வருஷத்துக்கு ஒருமுறை கரூவுக்கும் போகலாம் என்றால் நிச்சயமாக அதைத்தான்.

பம்பின் குறைகளையும் அவனிடம் மறைக்கவில்லை. அதன் விசை கொஞ்சம் கனம், இழுவை நீளம். முன்பிடி லேசாக ஆடும், சில துப்பாக்கிகளில் நடக்கும்போது கடகட என்று சத்தம் கேட்கும், அமைதியான காலையில் இம்பாலாவுக்கு அது போதும். நூறு மீட்டரில் ஐந்து சென்டிமீட்டருக்குள் மூன்று குண்டு விழுந்தால் நல்ல பம்ப் என்று சொல்லலாம். நல்ல போல்ட் அதில் பாதிக்குள் விழும். 80 மீட்டரில் நியாலாவின் நெஞ்சுக்கூட்டுக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது, 250 மீட்டரில் செய்யும்.

இன்னொன்று. இங்கே எல்லாரும் குச்சிமேல் வைத்துத்தான் சுடுகிறோம். வழிகாட்டி மூன்று கால் குச்சியை ஊன்றுவார், அதன்மேல் முன்பிடியை வைத்துக் குறி பார்ப்போம். பம்பில் அடுத்த தோட்டாவை ஏற்ற அந்த முன்பிடியையே இழுக்க வேண்டும். குச்சிமேல் வைத்து இழுத்தால் குச்சி சாயும். இதற்கு ஒரே வழி, முன்பிடியை நேராகக் குச்சியில் வைக்காமல், அதைப் பிடித்திருக்கும் கையின் மணிக்கட்டைக் குச்சியில் சாய்ப்பது. பழகினால் வரும், பழகாமல் வராது.

பயத்தில் பாதி இழுத்துத் தள்ளிவிடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. முன்பிடி முழு தூரம் பின்னால் வராவிட்டால் வெற்றுக்கூடு சரியாக வெளியே போகாது, அல்லது புதுத் தோட்டா மேலே ஏறாது. விசையை இழுத்தால் டக் என்று ஒரு சத்தம்தான் வரும். எதிரே காயம்பட்ட புஷ்பிக் நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்கக் கூடாது.

உதிரிப்பாகம் பற்றியும் சொன்னேன். ரெமிங்டன் 2020-ல் திவாலாகி, துண்டு துண்டாக விற்கப்பட்டது. மேகஸின், போல்ட் பாகங்கள் தேடினால் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். வாங்கும்போதே ஒரு மேகஸின் கூடுதலாகக் கேட்டு வாங்கச் சொன்னேன். மஸ்கிரேவும் இன்று கடையில் புதிதாகக் கிடைக்கிற சரக்கு இல்லை. இருந்தாலும் அது மௌசர் என்ற பழைய ஜெர்மன் ரைஃபிளின் வழி வந்தது. எந்த ஊர்த் துப்பாக்கி மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்வார். டர்பன் கடற்கரைக் காற்றில் உப்பு, அதனால் பம்பின் முன்பிடிக்குள் இருக்கும் இரண்டு இரும்புத் தண்டுகளில் துரு பிடிக்கும். ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் போட வேண்டும். எண்ணெய் அதிகமானால் ஜூலுலாந்துச் செம்புழுதி அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

என்னுடைய .270-உம் அந்த நியாலாவும்

இப்போது தோட்டா. நான் அவனிடம் அதிக நேரம் பேசியது இதைத்தான்.

1990-களின் கடைசியில் என்னிடம் .270 வின்செஸ்டர் போல்ட் ரைஃபிள் ஒன்று இருந்தது. அருமையான தோட்டா, 1925-லிருந்து இருப்பது. 130 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டை நொடிக்கு 930 மீட்டர் வேகத்தில் தள்ளும். கரூவில் அதை வைத்து நான் சுட்ட ஸ்பிரிங்பாக் ஒன்றுகூட இரண்டாவது அடி எடுத்து வைக்கவில்லை. அந்த நம்பிக்கையில் அதே தோட்டாவை ஜூலுலாந்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

முப்பத்தைந்து மீட்டரில் ஒரு நியாலா கிடா. கொஞ்சம் என்னைப் பார்த்தவாறு குறுக்காக நின்றது. தோள்பட்டை எலும்பில் குறி வைத்தேன், அங்கேதான் பட்டது. மெல்லிய செம்பு உறையும் மிருதுவான ஈயமும் கொண்ட சாதாரண வேட்டைக் குண்டு அது. அத்தனை கிட்டத்தில், அந்த வேகத்தில், எலும்பில் பட்டதும் பிளந்து சிதறிவிட்டது. தோளில் பெரிய காயம், உள்ளே நெஞ்சுவரை எதுவும் போகவில்லை. கிடா முட்புதருக்குள் போய்விட்டது. நானும் ஜூலு வழிகாட்டியும் இருட்டும்வரை ரத்தத் துளிகளைத் தேடிக்கொண்டே தவழ்ந்தோம். மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தோம். இரவில் நரிகள் வந்துவிட்டுப் போயிருந்தன.

இங்கே ஒரு துளி ரத்தம் விழுந்தாலே மிருகத்துக்கு முழு விலை கொடுக்க வேண்டும் என்பது எல்லாப் பண்ணையிலும் உள்ள வழக்கம். கொடுத்தேன். பணம் மறந்துவிட்டது. அந்த இரவில் அது எங்கோ கிடந்து துடித்துக்கொண்டிருந்தது என்பது இன்றுவரை மறக்கவில்லை. தப்பு துப்பாக்கியில் இல்லை, .270-லும் இல்லை. எந்தக் குண்டு, எந்தத் தூரத்துக்கு என்று நான் யோசிக்காமல் போனதுதான் தப்பு. அதே .270-ல் 150 கிரெயின் குண்டு, உறையும் ஈயமும் ஒட்டவைத்துச் செய்ததாக இருந்திருந்தால், அந்த நியாலா அங்கேயே விழுந்திருக்கும். .270 வைத்திருப்பவர்கள் முள்காட்டுக்குப் போகும்போது தயவுசெய்து அந்தக் குண்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

கிட்டத்தில் சுடும்போது அதிக வேகம் நமக்கு நண்பன் இல்லை. குண்டு விரிய வேண்டும், ஆனால் உடையக் கூடாது. கொஞ்சம் நிதானமான வேகம், கொஞ்சம் கூடுதல் எடை, விரிந்த பிறகும் எடையை இழக்காத கட்டுமானம். முள்காட்டுக்கு இந்த மூன்றும் வேண்டும். இதில் இறைச்சியும் பிழைக்கும். வேகமான குண்டு தோளைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு ரத்தம் உறைந்த சதையாக்கிவிடும், அதை நாய்க்குத்தான் போட வேண்டும்.

கனமான குண்டு புதரை வெட்டிக்கொண்டு நேராகப் போகும் என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். விரல் தடிமன் கிளை ஒன்று போதும், எந்தக் குண்டும் திசை மாறும். கனமானது கொஞ்சம் குறைவாக மாறலாம், அவ்வளவுதான். இடைவெளி தெரியாவிட்டால் சுடக் கூடாது. பம்ப் வைத்திருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். கையில் வேகம் இருக்கிறது என்பதற்காக வழி தெரியாத இடத்தில் இரண்டாவது குண்டை அனுப்ப ஆசை வரும்.

.308-ஆ, .30-06-ஆ

கடையில் இருந்த இரண்டு துப்பாக்கிக்கும் உரிய தோட்டாக்கள் இவை. இரண்டும் ஒரே விட்டக் குண்டைச் சுடுபவை. .30-06 அமெரிக்க ராணுவத்துக்காக 1906-ல் வந்தது, .308 அதைச் சுருக்கி 1952-ல் வந்தது. முன்னதன் பித்தளைக் கூடு 63 மில்லிமீட்டர், பின்னதன் கூடு 51. 180 கிரெயின் குண்டை .308 நொடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகத்தில் தள்ளும், .30-06 சுமார் 820. இந்த இருபத்துச் சொச்சம் மீட்டர் வித்தியாசத்தை எந்த இம்பாலாவும் வில்டர்பீஸ்ட்டும் உணராது.

கடையில் கிடைப்பதில் .308 முன்னே. நம் நாட்டு பிஎம்பி (PMP) நிறுவனத்தின் தோட்டாக்கள் இரண்டிலும் வரும், ஆனால் .308 அடுக்கில் எப்போதும் இருக்கும், விலையும் கொஞ்சம் குறைவு. போல்ட் துப்பாக்கியில் .308-க்கு இன்னொரு லாபம்: கூடு குட்டை என்பதால் துப்பாக்கியின் உடலையே குட்டையாகச் செய்யலாம், இழுக்கும் தூரமும் குறையும். போல்ட் வாங்குகிறீர்கள் என்றால் .308 வாங்குங்கள் என்று யோசிக்காமல் சொல்வேன்.

பம்பில் எனக்கு வேறு அபிப்பிராயம். ரெமிங்டன் பம்பில் இரண்டுக்கும் உடல் ஒரே நீளம்தான். ஆகவே குட்டைத் தோட்டாவின் லாபம் அங்கே கிடைக்காது. இரண்டாவது காரணம் முக்கியமானது. சுட்டதும் பித்தளைக் கூடு விரிந்து, தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போது ஒரு சரிவு அதை நெம்பித் தளர்த்திக் கொடுக்கும், ஆணியை நெம்புகோலால் பிடுங்குவதைப் போல. பம்பில் அந்த நெம்பு இல்லை. கை பலத்தில் நேராக இழுக்க வேண்டும். .30-06 கூடு அடியிலிருந்து தோள்வரை கொஞ்சம் அதிகமாகக் குறுகிக்கொண்டே போகும், அழுத்தமும் .308-ஐவிடச் சற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்து கூட்டை எளிதாக விடுவிக்கும். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் புழுதி படிந்த, நாள் முழுக்கத் தோளில் தொங்கிய ஒரு துப்பாக்கியில் சின்னதெல்லாம் சேர்ந்து பெரிதாகும். பதினைந்து வருஷமாக என்னிடம் இருப்பதும் .30-06-ல் ஒரு 760-தான், தடுமாறியது இல்லை.

ஒரு விலக்கு உண்டு. 47 சென்டிமீட்டர் குட்டைக் குழல் கொண்ட கார்பைன் கிடைத்தால் .308 எடுத்துக்கொள்ளலாம். .30-06-ன் கூடுதல் மருந்து அந்தக் குட்டைக் குழலில் முழுசாக எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். சத்தமும் தீப்பிழம்பும்தான் மிச்சம்.

வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போல்ட்டில் கூட்டின் கழுத்தை மட்டும் சுருக்கி மறுபடி நிரப்புவார்கள். பம்புக்கு அது ஆகாது. ஒவ்வொரு முறையும் கூட்டை முழு நீளத்துக்கும் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மருந்தையும் உச்ச அளவுக்குப் போடாதீர்கள். நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவையும் வேட்டைக்கு முந்தியே, பாதுகாப்பான இடத்தில், குழல் முனையைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, துப்பாக்கியில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

மற்றத் தோட்டாக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். .243 பம்பிலும் உண்டு, உதை குறைவு, பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் நல்லது. 100 கிரெயின் குண்டோடு இம்பாலா, புஷ்பக், டைக்கர் போன்ற மான்கள்வரை போதும். வில்டர்பீஸ்ட்டுக்கு வேண்டாம். .35 வீலன் முள்காட்டுக்கென்றே பிறந்தது போன்ற தோட்டா, 250 கிரெயின் குண்டு, மிதமான வேகம். 7600 சில காலம் அதிலும் வந்தது. ஆனால் இங்கே கடைக்குப் போய் ஒரு பெட்டி கேட்டு வாங்கிவிட முடியாது, எல்லாவற்றையும் நீங்களே நிரப்ப வேண்டும். முதல் துப்பாக்கி வாங்குகிறவனுக்கு அந்தச் சுமை எதற்கு?

ஈயமா, செம்பா

.30-06 என்று ஆனபிறகு குண்டு. மூன்று வகையை அவன் முன்னால் வைத்தேன்.

சாதாரண ஈயக் குண்டு, 180 கிரெயின். இந்த வேகத்தில் அது .270-ன் லேசான குண்டைப் போல உடைவதில்லை. இம்பாலாவுக்கும் நியாலாவுக்கும் தோளுக்குப் பின்னால் விலாவில் வைத்தால் நன்றாக வேலை செய்யும். விலை குறைவு, பயிற்சிக்கும் அதுவே. ஆனால் வில்டர்பீஸ்ட்டின் தோள் எலும்பில் அதை நான் நம்ப மாட்டேன்.

அடுத்தது ஈயத்தையும் உறையையும் ஒட்டவைத்த குண்டு, அல்லது நடுவில் ஒரு தடுப்பு வைத்த குண்டு. தடுப்பு வைக்கும் யோசனையை அமெரிக்காவில் ஜான் நோஸ்லர் 1940-களில் செய்து பார்த்தார், ஒரு மூஸ் மானின் தோளில் தன் குண்டு சிதறிப் போனதால். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே உள்ளே போகும். விலை அதிகம். ஆனால் வருஷத்துக்கு வேட்டையில் எத்தனை குண்டு சுடப்போகிறோம்? பத்தா? பதினைந்தா? அங்கே காசைப் பார்க்காதீர்கள்.

மூன்றாவது முழுச் செம்புக் குண்டு. நம் நாட்டிலேயே நன்றாகச் செய்கிறார்கள். எடை கொஞ்சமும் குறையாமல் ஊடுருவிப் போகும். செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். பம்பின் பெட்டி மேகஸினில் நீளத்துக்கு வரம்பு உண்டு. ஆகவே 180 தேட வேண்டாம், 150 அல்லது 165 கிரெயினே ஈயத்தின் 180 செய்கிற வேலையைச் செய்யும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து வெகுதூரம் சதைக்குள் பரவும். ஈயம் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஈயத்தில் சுட்டால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். அவன் மனைவிக்கு அப்போது ஐந்தாவது மாதம். செம்பு என்று அவனே முடிவு செய்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

குறி வைக்கும் இடத்தையும் சொல்லிக் கொடுத்தேன். இங்கே மான்களின் இதயம் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும். குறுக்காக நிற்கும்போது முன்னங்காலின் பின்கோட்டைப் பிடித்து மேலே வந்து, உடலின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்த வேண்டும். வில்டர்பீஸ்ட்டுக்கு அதைவிடவும் கொஞ்சம் முன்னால், தோளிலேயே. அதன் முதுகுத் திமில் கண்ணை ஏமாற்றும், உடம்பின் நடு என்று நினைத்து மேலே சுட்டுவிடுவோம்.

ஸ்கோப்பை நூறு மீட்டருக்குச் சரிசெய்தால் போதும். 180 கிரெயின் குண்டு இருநூறு மீட்டரில் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே விழும். முள்காட்டில் அந்தக் கணக்கே தேவைப்படாது. ஸ்கோப்பின் பெரிதாக்கத்தைக் குறைந்த எண்ணிலேயே வைத்திருக்கச் சொன்னேன். நாற்பது மீட்டரில் ஒன்பது மடங்கு வைத்துப் பார்த்தால் ரோமம்தான் தெரியும், எந்த மிருகத்தின் ரோமம் என்று தெரியாது.

வாங்கியது

7600-ஐ வாங்கினான். கடைக்காரரிடம் குழலைத் துடைக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தோம். வெற்றுத் துப்பாக்கியில் முன்பிடியை மெதுவாகவும் வேகமாகவும் இருபது முறை இழுத்துப் பார்த்தோம், எங்கேயும் சிக்கவில்லை. இரண்டாவது மேகஸினும் கிடைத்தது. இங்கே உரிமம் வரும்வரை துப்பாக்கி கடையிலேயேதான் இருக்கும், கையில் தர மாட்டார்கள். அந்த மாதங்களில் அவனை என்னோடு சுடுதளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், என் மேற்பார்வையில், என்னுடைய பழைய 760-ல் பழக்கினேன். முதலில் மருந்தில்லாத பயிற்சித் தோட்டா. நின்றுகொண்டு, குச்சியில் மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு, முழு இழுப்பு, முழுத் தள்ளு. முதல் வாரம் பத்தில் மூன்று தடவை பாதியில் தள்ளினான். நான்காவது வாரம் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான் உண்மையான தோட்டாவைக் கொடுத்தேன்.

உரிம அட்டை போன மாதம் வந்துவிட்டது. இரும்புப் பெட்டியைச் சுவரில் போல்ட் போட்டு மாட்டியாயிற்று. ஜூலை முதல் வாரம் மக்கூஸே பக்கம் போகிறோம். ஒரு இம்பாலா, முடிந்தால் ஒரு நியாலா. வில்டர்பீஸ்ட் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவனே சொல்லிவிட்டான். அக்கா இப்போதே தொலைபேசியில் அழைத்து, எவ்வளவு இறைச்சி கொண்டுவந்தாலும் சரி, புரட்டாசி பிறப்பதற்குள் ஃப்ரீசர் காலியாக வேண்டும் என்று இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். பாதியை பில்டாங் (மசாலா தடவிக் காயவைத்த இறைச்சி) போடலாம். மீதியை உருளைக்கிழங்கு போட்டுக் கறி வைப்பதாக அவள் பேச்சு.